காலித் தொட்டிக்கு ஒட்டியது

எங்கள் வீட்டுக்கார அண்ணாச்சி மாடியில் குளியல் தொட்டி வைத்திருக்கிறார். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் அது ஒன்றுதான். உடைத்த கப்பலிலிருந்து வந்த இரும்புத் தொட்டி. நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து பாத்ரூம் சுவரோரம் வைத்தார்கள். இன்றுவரை அதற்குள் இறங்கி ஒருவரும் குளித்ததில்லை. லாரித் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள். பக்கத்தில் நின்று மொண்டு ஊற்றிக்கொள்கிறார்கள். ஆயுத பூஜைக்கு அதற்கும் பட்டை போட்டுப் பொட்டு வைக்கிறார்கள். கப்பலில் அதற்கு இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

நாங்கள் கீழே வாடகைக்கு இருக்கிறோம். தொட்டிக்கு நேர் கீழே என் மனைவியின் தையல் மிஷின். வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறாள். மிஷினை வேறு இடத்தில் போட முடியாது. வெளிச்சம் வரும் ஒரே சன்னல் அங்கேதான் இருக்கிறது. ஒரு நாள் மேலேயிருந்து சொட்டியது. தைத்து வைத்த துணியில் துரு நிறத்தில் கறை. கடைக்காரர் நைட்டிக் கட்டு மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியனுப்பினார்.

அண்ணாச்சி வந்து அண்ணாந்து பார்த்தார். கான்கிரீட் வேர்க்கும் என்றார். கடலோர வீடுகளில் அப்படித்தானாம். மளிகைக் கடை வைத்திருப்பவருக்குத் தெரியாத கான்கிரீட்டா.

நான் டைல்ஸ் வேலை செய்கிறவன். இருபது வருடமாக ஊரார் பாத்ரூமில் ஒழுக்கு அடைக்கிறேன். அதை என் மனைவி அன்று நாலு தடவை ஞாபகப்படுத்தினாள்.

"ஊரு ஒழுக்கெல்லாம் அடைக்கிற. உன் வூட்ல ஒழுவுது. இன்னா வேலய்யா கத்துக்கின?" என்றாள்.

மேலே போனேன். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுனி போகும் அளவு இடைவெளி. சுவரில் அடிக்கும் தண்ணீரெல்லாம் அதன் வழியே டைல்ஸுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அடி இரண்டு வரிசையைப் பெயர்க்க உளியும் சுத்தியலும் கொண்டுபோயிருந்தேன். தேவைப்படவில்லை. கை வைத்ததும் டைல்ஸ் தானாகவே வந்தது. பின்னால் பூச்சு டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி இருந்தது.

சுரண்டினேன். காயவிட்டேன். புதுப் பூச்சு பூசி, அதன் மேல் தண்ணீர் இறங்காத மருந்து இரண்டு தடவை அடித்தேன். பழைய டைல்ஸ் இப்போது கிடைப்பதில்லை. சமையலறைக்கு வாங்கி மீந்ததை அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றிலும் திராட்சைக் குலை. தொட்டியைச் சுற்றித் திராட்சை காய்த்தது. ஓரத்தில் சிலிக்கான் பசை போட்டு விரலால் இழுத்தேன். நூல் பிடித்த மாதிரி கோடு. நானே நின்று கொஞ்ச நேரம் ரசித்தேன்.

வேலைக்காகத் தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். காலித் தொட்டிக்கே ஒட்டிவிட்டேன். என் புத்திசாலித்தனம் அது.

பசை காய்ந்த மறுநாள் லாரி வந்தது. விளிம்பு வரைக்கும் நிரப்பினார்கள். ஆளாளுக்குக் குளித்தார்கள். சாயங்காலம் மிஷின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. மனைவி குண்டானை எடுத்து வந்து வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மேலே பசை ஒரு முழம் நீளத்துக்குக் கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. தொட்டியின் கால்கள் ரப்பர் கட்டை மேல் நிற்கின்றன. தண்ணீர் நிறைந்தால் பாரத்தில் கட்டை அமுங்கித் தொட்டி இறங்குகிறது. நிரப்பி வைத்துக்கொண்டு ஒட்டினால்தான் நிற்கும். இருபது வருட அனுபவம் அன்று லீவு போட்டிருந்தது.

தண்ணீரோடுதான் மறுபடி ஒட்ட வேண்டும், அதற்கப்புறம் இரண்டு நாள் யாரும் தொட்டியைத் தொடக்கூடாது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அம்புட்டு தண்ணிய வச்சிக்கிட்டு தொடாம இருக்கணுமாக்கும்? பெறகு நாங்க எங்க போயிக் குளிக்க?"

"கீழ எங்க வூட்ல."

அவர் யோசித்தார். "அங்கதான் ஒழுகுதே," என்றார். சிரிக்கவேயில்லை.

கிழிந்த பசையை பிளேடால் எடுத்துவிட்டு, தொட்டியை மறுபடி விளிம்பு வரை நிரப்பி வைத்துப் புதிதாகப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆகவில்லை, அண்ணாச்சியின் மனைவி சொம்போடு வந்து நின்றார். ஒரே ஒரு சொம்புதானாம். ஒரு சொம்பு என்று ஆரம்பிக்கும், சாயங்காலத்துக்குள் பாதித் தொட்டி போயிருக்கும். எனக்கு மறுநாள் எண்ணூரில் வேலை. அங்கேயே நின்று காவல் காக்க முடியாது.

என் மனைவி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். பாத்ரூம் வாசலில் போட்டு உட்கார்ந்தாள். மடியில் நைட்டி, கையில் ஊசி நூல். பட்டன் தைக்க ஆரம்பித்தாள்.

"நீ ஒரு சொம்பு மொண்டுகினா எனுக்கு ஒரு கட்டு போவும்க்கா," என்றாள். அடுத்த பட்டனை எடுத்தாள்.

இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி குடும்பம் துண்டும் சோப்புமாகக் கீழே இறங்கி வந்து, எங்கள் பாத்ரூம் வாசலில் வரிசையில் நின்றது. சொந்த வீட்டில் அவர்கள் வரிசையில் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு சொட்டவில்லை. புதுக் கட்டு கடைக்குப் போனது. திரும்பி வரவில்லை. தண்ணீரை நிரப்பிவிட்டு ஒட்டச் சொல்லி யோசனை கொடுத்ததே தான்தான் என்று அண்ணாச்சி தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

குண்டான் மட்டும் இன்னும் மிஷின் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் ஒழுகவில்லையே, எதற்கு என்று கேட்டேன்.

"நீதான ஒட்ன," என்றாள்.