மூன்று மணி முறம்

அடுத்த தெரு அம்மாள் என்றுதான் அவரை எனக்குத் தெரியும். ஒல்லியான உடம்பு, மூக்கு நுனிக்குச் சரிந்த கண்ணாடி. தினமும் மதியம் மூன்று மணிக்கு முறத்தில் கீரையோடு எங்கள் மாடிக்கு ஏறி வருவார். மூட்டுவலியால் படி இறங்காத என் மனைவியோடு பேசிக்கொண்டே ஆய்வார். நான் ஆபீஸ் போன காலத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற முதல் வாரம், பனியனோடு ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றவர், "சார் இருக்காரா? அப்புறமா வரேன்" என்று முறத்தோடு இறங்கிவிட்டார். கீரை ஆயத் தரையில் விரித்திருந்த பேப்பரை மனைவி மடித்து வைத்தாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாளிலிருந்து மூன்று மணிக்கு முன்பே "வாக் போறேன்" என்று கிளம்பி, தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர்களுக்கு வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டதாகப் பெருமை. திரும்பி வந்ததும் நானும் எதுவும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

சில வாரம் கழித்து, ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். கையில் ஒரு கட்டு முளைக்கீரை.

"எங்க வீட்டுக்குத்தானே கிளம்பறீங்க?" என்றேன்.

"இல்ல சார், நான் வரதையே நிறுத்திட்டேனே. அக்கா இத்தனை வருஷமா உங்களைப் பத்தியேதான் பேசிட்டிருந்தாங்க. இப்பதான் நீங்க வீட்ல இருக்கீங்க. நேர்லயே பேசிக்கட்டும், நடுவுல நான் எதுக்கு?" கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு சிரித்தார். "நல்லா பேசறாங்களா?"



"நல்லா பேசறோம்மா" என்றேன்.

மணி மூன்றாகியிருந்தது. வீட்டில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள்.