விரலோடு வந்த கோழை

என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அவள் இருமினால் இன்றும் என் வலது கை தானாகச் சேலைத் தலைப்புக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

அது தொடங்கியபோது அவளுக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை ஓர் அக்கா வந்து குளிப்பாட்டினார். எங்கள் தெருக் குழந்தைகள் எல்லாருமே அவர் காலில் கிடந்து குளித்தவர்கள்தான். வெந்நீர் ஊற்றி முடித்ததும் விளக்கெண்ணெய் தொட்ட விரலை வாய்க்குள் விட்டு, ஒரே வழிப்பில் கோழையை எடுத்துவிடுவார். குழந்தை வீறிட்டு அழுதுவிட்டுத் தூங்கிப்போகும். ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் தன் மகளின் பிரசவம் என்று அக்கா போலகம் ஊருக்குப் போய்விட்டார்.

"நீதான் படிச்சவளாச்சே, நீயே ஊத்தேன்" என்றார் என் மாமியார்.

படித்தவள்தான். பி.எஸ்ஸி. விலங்கியல். படிப்பில் மறக்காத வகுப்பு ஒன்று உண்டு. ஆசிரியை கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவை வெள்ளைப் படலமாக வளர்த்து, அதன்மேல் வடிகட்டிய சாக்கடை நீரைச் சொட்டுச்சொட்டாக விட்டார். மறுநாள் படலத்தில் பொட்டுப்பொட்டாக ஓட்டைகள். பாக்டீரியாவையே பிடித்துக் கொல்லும் வைரஸ்கள் அந்த நீரில் இருக்கின்றன என்றார். பாக்டீரியாவுக்கும் நோய் வரும் என்பதே எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. சளி பிடித்திருந்த ஒரு தோழி விளையாட்டாகத் தன் மூக்குச் சளியை இன்னொரு தட்டில் தடவி வைத்தாள். மறுநாள் அது முழுக்கப் பாக்டீரியா மண்டிக் கிடந்தது. "இவ்வளவையும் உள்ள வச்சுக்கிட்டா பக்கத்துல உக்காந்திருந்தே? எட்டிப் போடி!" என்று அவளை விரட்டினோம்.

என் மனதில் தங்கியது அந்தச் சளித் தட்டுதான். மகளின் தொண்டையில் கரகரப்புக் கேட்கும்போதெல்லாம் அது கண்முன் வந்தது. அக்கா ஒருமுறை வழித்ததை நான் காலையும் மாலையும் வழித்தேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். கொதிக்கவைத்த மெல்லிய துணியை விரலில் சுற்றி, அடிநாக்குவரை துடைத்தேன். எடுக்க எடுக்கக் கோழை வந்துகொண்டே இருந்தது. வருகிறதே, அப்படியானால் உள்ளே இன்னும் இருக்கிறது என்று நினைத்தேன். எடுப்பதால்தான் வருகிறதோ என்று ஒருமுறை தோன்றியது. அந்த எண்ணத்தை நானே அதட்டி உட்காரவைத்தேன்.

ஆறாம் நாள் காலை துணியில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. மத்தியானத்துக்குள் உடம்பு கொதித்தது. மார்பில் வாய் வைத்தாள். ஒரு முறை சப்பினாள். தலையைத் திருப்பிக்கொண்டு, சத்தமே வராமல் அழுதாள். சத்தம் வராத அந்த அழுகையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ரிக்‌ஷாவின் முன்படுதாவை இழுத்துவிட்டு, மழையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "தொண்டையெல்லாம் புண்ணா இருக்கே. யாரு வெரல விட்டது?"

"நான்தான் டாக்டர். கிருமி இருக்கும்னு துடைச்சேன்."

"என்ன படிச்சிருக்க?"

சொன்னேன்.

"அதான பாத்தேன். கோழைங்கறது தொண்டைக்கு மேல ஒரு போர்வை மாதிரிம்மா. அத உரிச்சு எடுத்தா கிருமிக்குக் கதவத் தெறந்துவிட்ட மாதிரி." மருந்து எழுதி, வார்டில் சேர்க்கச் சொன்னார். "பால் பீச்சி, சங்குல சொட்டுச் சொட்டா குடு. தானா மார்ல பால் குடிக்கிறாளான்னு பாரு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குடிக்கலன்னா ட்ரிப்ஸ்தான்."

என் கணவர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

வார்டில் அவளை மடியில் வைத்திருந்தபோதுதான் அந்தத் தட்டில் இருந்த இன்னொன்று நினைவுக்கு வந்தது. சளி தடவிய தட்டிலும் இரண்டு மூன்று தெளிந்த பொட்டுகள் இருந்தன. சாக்கடை நீர் விட்ட தட்டில் இருந்தது போலவே. நான்தான் சுட்டிக்காட்டினேன். ஆசிரியை, "விரல் பட்டிருக்கும்" என்று அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். ஒருவேளை அவை விரலே படாமல் வந்த பொட்டுகளாக இருந்தால்? பாக்டீரியாவைப் பிடிக்கிறவையும் அந்தச் சளிக்குள்ளேயே காத்துக் கிடந்திருந்தால்? ஆறு நாளாக நான் வழித்து எறிந்தது எதை? பயத்தில் கற்பனை செய்கிறேனா என்றும் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்கும் குடிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு ட்ரிப்ஸ் மாட்ட வந்த நர்ஸ் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தபோது மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். பன்னிரண்டு மணி சுமாருக்கு மகளின் மூக்கில் ஒரு கோழைக் குமிழி வந்து உடைந்தது. என் வலது கை விரல் எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் அவள் மார்பைத் தேடினாள். வலியில் முகம் சுளித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். விழுங்கும் சத்தம் கேட்டது. நான் அசையாமல் ஒவ்வொரு மடக்காக எண்ணிக்கொண்டிருந்தேன்.

போலகத்திலிருந்து திரும்பிய அக்கா விஷயம் கேட்டு வந்தார். "ஏன் தங்கச்சி, புள்ள வாயி என்ன பித்தளச் செம்பா, தேய்ச்சு வெளக்கறதுக்கு? நான் வந்தத எடுப்பேன். நீ இருக்கறதையெல்லாம் எடுத்திருக்கியே!" என்றார். டாக்டர் சொன்னதால் இனி நீங்கள் எடுப்பதும் வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம், இரண்டு மாதம் பேசவில்லை.

அந்தத் தெளிந்த பொட்டுகளைப் பற்றி ஆசிரியைக்கு இன்லாண்டு லெட்டரில் எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. அந்தப் பொட்டுகள் அவருக்கும் நினைவிருந்தன. சளியில் அந்த வைரஸ்கள் இருந்திருக்கலாம். அங்கே அவை பாக்டீரியாவைப் பிடிக்கின்றனவா, சளியில் மாட்டிக்கொண்டு சும்மா கிடக்கின்றனவா என்பது தனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தார். அன்று தெரியாததால்தான் விரல் என்று சொன்னாராம்.

சென்ற வாரம் மகளுக்குச் சளி. "அம்மா, எடுத்து வுடு" என்று மூக்கை நீட்டினாள். வெளியே வந்ததை மட்டும் துடைத்தேன். உள்ளே கேட்ட கரகரப்பை அந்த மத்தியானம் முழுவதும், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.