ஆறாம் நிலையத்துக்கு ஒத்திகை

“ஆறு மணி. அஞ்சு இல்ல, ஆறு. சரிதானே?” என்று, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் கணவரிடம் கேட்கிறார் தண்ணிக்காரம்மா. சாயங்காலம் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பதற்கு அவர் ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை “ஆறுதான்” என்று சொன்னால்தான் தெருவில் இறங்க முடியும். மருந்துக்கடைக்காரர், தையற்காரர், தவறான எண்ணுக்கு அழைத்துவிட்ட முகம் தெரியாத ஆள் என்று யாரும் இதிலிருந்து தப்பியதில்லை. எதிரில் இருப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, ஒரு ‘சரி’ வாங்காமல் விடமாட்டார்.

நகரத்துக் குடிநீர் அலுவலகத்தில், கட்டுப்பாட்டு அறை என்று பெரிய பெயர் வாங்கிய ஒரு சின்ன அறையில், இருபத்திரண்டு வருடங்களாகத் தொலைபேசியின் முன் உட்கார்ந்திருப்பவர் வேறு எப்படி இருப்பார்? மணிக்கொரு தடவை ஆறு நீரேற்று நிலையங்களிலிருந்தும் அழைப்பு வரும். நீர்மட்டம் எத்தனை மீட்டர், அழுத்தம் எவ்வளவு, எத்தனை மோட்டார் ஓடுகிறது. கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் பாதி ஊருக்குக் குளிக்கத் தண்ணீர் இருக்காது. தெருவில் அவருக்குப் பெயரே ‘தண்ணிக்காரம்மா’தான். குழாயில் வெறும் காற்று சீறும் நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். “என்னம்மா, இன்னிக்கு எங்களை மறந்துட்டீங்களா?” ஏதோ இவர்தான் வாளியில் மொண்டு ஊற்றுகிறவர் மாதிரி.

நிலையத்து ஆட்களுக்கும் பெயர் கிடையாது, எண்தான். “ஆறு பேசுறேங்க்கா” என்பார் ஆறாம் நிலையத்து ஆப்பரேட்டர். ஆறாம் நிலையம் நானூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், சுற்றிலும் ஒரு வீடுகூட இல்லாத பாறைக்காட்டில் இருக்கிறது. தண்ணீரை ஒரு மலைமேல் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிடுகிற இடம். ஆள் குனியாமல் நடந்து போகக்கூடிய இரண்டு குழாய்கள் மலையில் நெட்டுக்குத்தாக ஏறுகின்றனவாம். பக்கத்திலேயே அறுநூற்று எட்டுப் படிகளாம். மோட்டார் கூடத்தில் நின்று பேசினால் தன் குரல் தனக்கே கேட்காதாம். எல்லாமே ‘ஆம்’தான். தண்ணிக்காரம்மா அதைப் பார்த்ததில்லை, காதால் மட்டும் கேட்டிருக்கிறார்.

“நாலு மோட்டார் ஓடுதுக்கா” என்றார் ‘ஆறு’ ஒரு நாள்.

“நாலு. இருங்க, எனக்கு மூணு சத்தம்தானே கேக்குது?”

எதிர்முனை போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தது. “மூணுதாங்க்கா. ஒண்ணு இப்பத்தான் நின்னிருக்கு. அங்க உக்காந்துக்கிட்டு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

எப்படி என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தினமும் கேட்கிற இரைச்சல், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. நான்கு முறை கணவரிடம் பேச்செடுத்துப் பார்த்தார். “குழாயைப் பாக்கவா நானூத்தி முப்பது கிலோமீட்டர்? பின்கட்டுல ஒண்ணு இருக்கு, ஒழுகிக்கிட்டே. போய்ப் பாரு” என்று நான்கு முறையும் ஒரே நகைச்சுவை.

ஐந்தாம் முறை அவர் திட்டம் போட்டதற்குக் காரணம் வேறு.

ஏழு மாதங்களாக வீட்டில் கணவரும் மகளும் பேசிக்கொள்வதில்லை. கணவர் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். மகள் அதே கல்லூரியில்தான் படித்தாள். இரண்டாம் வருடம் பாதியில், “எனக்கு இது வரலப்பா” என்று நிறுத்திவிட்டு, கனரக வண்டி ஓட்டும் உரிமம் வாங்கி, ரொட்டித் தொழிற்சாலையில் டெலிவரி வண்டி ஓட்டப் போய்விட்டாள். கல்லூரிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘விலகினார்’ என்று எழுத வேண்டிய வேலை அவள் அப்பாவுடையது. எழுதினார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம், “உன் பொண்ணு” என்று ஆரம்பித்தார். அதுவரைக்கும் ‘நம்ம பொண்ணு’.

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் தண்ணிக்காரம்மா வழியாகத்தான்.

“குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு.”

“குடை எடுத்துட்டுப் போகச் சொல்றாரு.”

“எடுத்துட்டேன்னு சொல்லும்மா.”

“எடுத்துட்டாளாம்.”

மூன்று பேரும் ஒரே மேசையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில். “ஆபீஸ்ல ஆறு நிலையம், வீட்டுல ரெண்டு. மொத்தம் எட்டு” என்று அடுத்த தெருவில் இருக்கும் தன் அக்காவிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் திட்டத்தை அவரிடம் மட்டும் மெதுவாக உடைத்தார்.

“வீட்டுல ஆளுக்கொரு ரூம் இருக்கு. கோவம் வந்தா உள்ள போய்ச் சாத்திக்கிறாங்க. கார்ல கதவைச் சாத்திட்டா யாரு எங்க எந்திரிச்சுப் போக முடியும், சொல்லு?”

பழைய பதிவேட்டுத் தாள்களின் பின்பக்கத்தில் அவர் பயணத் திட்டத்தை எழுதினார். மணிக்கொரு கட்டம். ஏழு மணிக்கு எங்கே, எட்டு மணிக்கு எங்கே, எந்த இடத்தில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், எந்த வளைவுக்கு அப்புறம் போன் எடுக்காது. விவரமெல்லாம் ‘ஆறு’ கொடுத்தது. நீர்மட்டம் சொல்லி முடித்துவிட்டு, “அப்புறங்க்கா, அந்த மூணாவது பாலம் ஒத்தை வண்டிதான் போகும், எழுதிக்கிட்டீங்களா?” என்பார். பார்வையாளர் அனுமதிக்காகப் பொறியாளரிடம் போனபோது அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அங்க என்னம்மா இருக்கு?” என்று கேட்டார். “அதைத்தான் சார் பாக்கப் போறேன்” என்றார் இவர். அனுமதி கிடைத்தது. ஆட்கள்: நான்கு.

நான்காவது ஆள் அக்கா. அவரைக் கூட்டிப் போவதில் ஒரு சிக்கல் உண்டு. பின் இருக்கையில் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். ஆயுசில் எந்தக் காரிலும் முன் இருக்கையை விட்டுக்கொடுத்ததில்லை.

“அக்கா, இந்த ஒரு தடவை நீ பின்னாடி உக்காரணும்.”

“வாந்தி வருமேடி!”

“வரட்டும். பை எடுத்துட்டு வரேன்.”

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தார். “ரெண்டு பையா எடுத்துக்கோ” என்றார்.

மிச்சமிருந்தது கணவர். போன மாதம்தான் அவருக்கு ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டார் அவர்.

“சரி, போறோம்னே வெச்சுக்க. யாரு ஓட்டுறது?”

“ஓட்டத் தெரிஞ்ச ஆள் வீட்டுலயே இருக்கு.”

கணவர் செய்தித்தாளை மடித்தார். மறுபடி விரித்தார். “ரொட்டி மூட்டை இல்ல, மனுஷங்க. முதல்ல பக்கத்துல எங்கயாவது போய்ப் பாப்போம். எனக்குத் திருப்தி இல்லைன்னா அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.”

“திருப்தி இல்லைன்னா பேச்சையே எடுக்கக்கூடாது. சரிதானே?”

“சரி.”

மகளிடம் போய் அதை அப்படியே ஒப்பித்தார். பரீட்சை வைக்கிறாரா என்று அவள் மூக்கு சிவந்தது. ஆனால் சனிக்கிழமையே காரின் நான்கு சக்கரத்துக்கும் காற்றடித்து, கண்ணாடியைச் செய்தித்தாள் போட்டுத் தேய்த்து வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஒத்திகை. நாற்பது கிலோமீட்டர் போய், நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். மகள் ஓட்டினாள். பக்கத்தில் அப்பா, மடியில் கையை வைத்துக்கொண்டு, போட்டோ எடுக்க உட்கார்ந்தவர் மாதிரி. பின்னால் அக்காவும் தங்கையும். முதல் இருபது கிலோமீட்டர் எஞ்சின் மட்டும்தான் பேசியது. கணவர் ஒரு தடவை, “வேகம் அறுபதைத் தாண்ட வேணாம்னு சொல்லு” என்று முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். முள் ஐம்பத்தைந்தில் இருந்தது. பழக்க தோஷத்தில் தண்ணிக்காரம்மா அதைத் திருப்பிச் சொன்னார். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாலை வேலை நடந்ததால் வண்டிகளை ஒரு வாய்க்கால் கரை வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். அங்கே ஒரு குறுகிய பாலம். கார் முக்கால் பாலம் போனபோது எதிரே ஒரு செங்கல் லாரி மூக்கை நுழைத்தது. அதன் பின்னால் வரிசையாக வண்டிகள். லாரி நகரவே முடியாது. கார்தான் பின்வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் உடைந்து கிடந்தது. கீழே தண்ணீர் கலங்கி ஓடியது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். மகள் ரிவர்ஸ் போட்டாள். கார் ஊர்ந்து பின்னால் நகர ஆரம்பித்தது. லாரிக்காரர் பொறுமையில்லாமல் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார்.

கணவர் சடாரென்று ஜன்னலை இறக்கி, பாதி உடம்பை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார். “வா… வா… நேரா வா” என்றார். “லேசா உன் பக்கம் ஒடி. போதும். வா… வா… அவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும், நீ மெதுவா வா… இன்னும் ஒரு அடி… நிறுத்து.”

கார் மண்ணில் இறங்கி நின்றது. லாரி உறுமிக்கொண்டே கடந்து போனது. ஓட்டுநர் வெளியே தலையை நீட்டி, “நல்லா எடுத்தம்மா!” என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் ஜன்னலை ஏற்றிவிட்டு நேராக உட்கார்ந்தார். தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது. காதுமடல் சிவந்துவிட்டது.

டீக்கடை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் அவர் தொண்டையைச் செருமினார். பாதித் தலையைப் பின்னால் திருப்பி, “ரிவர்ஸ் யாரு கத்துக்குடுத்தாங்கன்னு கேளு” என்றார்.

தண்ணிக்காரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். குமட்டலில் முகம் வெளிறி, பையை மடியில் விரித்து வைத்திருந்த அக்கா உதவிக்கு வாயைத் திறந்தார். அவர் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டார்.

ஒரு மின்கம்பம் போனது. இன்னொன்றும் போனது.

“யாரு கத்துக்குடுத்தா?” என்றார் கணவர், மகளைப் பார்க்காமல், எதிரே சாலையைப் பார்த்து.

“யாருமில்லப்பா.” அவளும் சாலையைப் பார்த்தே சொன்னாள். “ரொட்டி இறக்குற சந்து அப்படி. உள்ள திரும்ப இடமே இல்ல. தினமும் நூறடி ரிவர்ஸ்லதான் போகணும். முதல் வாரம் ஒரு கண்ணாடியை உடைச்சிட்டேன்.”

“எந்தப் பக்கம்?”

“உங்க பக்கம்.”

“அந்தப் பக்கம்தான் எல்லாரும் ஏமாறுவாங்க” என்றார் அவர். பிறகு, “அந்த மலை ரோட்டுலயும் மூணாவது பாலம் ஒத்தை வண்டிதான் போகுமாம். உங்கம்மா எழுதி வெச்சிருக்கா. அங்க முன்னாடியே நிறுத்தி, நான் இறங்கிப் பாத்துட்டுச் சொல்றேன், அப்புறம் நீ ஏத்து.”

“அங்க செகண்ட் கியர் போதுமாப்பா?”

“வண்டியில நாலு பேரு. செகண்ட் போதாது…”

டீக்கடை பின்னால் போய்விட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அக்கா தங்கையின் முழங்கையை இடித்து, கடையைக் கண்ணால் காட்டினார். தண்ணிக்காரம்மா சத்தம் வராமல் செருப்பைக் கழற்றினார். கால்களை இருக்கைமேல் தூக்கி மடக்கிக்கொண்டு, தலையை ஜன்னலில் சாய்த்து, தூங்குகிறவர் போல் கண்களை இறுக மூடிக்கொண்டார்.