கதைக்காரி வீட்டுப் பிள்ளை

மலாக்காவில் குருபோங் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் கடைசி வரிசையில் இருந்த அந்த வீட்டைக் கதைக்காரி வீடு என்றுதான் அக்கம்பக்கத்துத் தமிழர்கள் சொல்வார்கள். அகல்யா பகலில் ஒரு தொழிற்சாலையின் கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்து, சமைத்து, குளித்துவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு நாவல் எழுதுவாள். இணையத்தில் தொடராக வரும் குடும்பக் கதைகள். கோபக்கார மாப்பிள்ளை, பேசாமல் அழுகிற மருமகள், பிரிந்துபோன அண்ணன் தம்பி, கடைசியில் எல்லாரும் ஒரே வீட்டில் விருந்து சாப்பிடுகிற முடிவு. மதுரையிலும் ஈப்போவிலும் துபாயிலும் அவளுக்கு வாசகிகள் இருந்தார்கள். "அகல் சிஸ், அடுத்த எபி எப்போ?" என்று கேட்காத நாள் கிடையாது.

அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது மித்ராவின் கதை. கைக்குழந்தையாக அப்பாவைப் பிரிந்து யாரோ ஒருத்தி வீட்டில் வளர்ந்த மித்ரா, கடைசி அத்தியாயத்தில் விமான நிலையத்தில் அப்பாவைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். அந்த அத்தியாயத்துக்கு வந்த பின்னூட்டங்களைப் படித்துவிட்டு அகல்யாவே அழுதிருக்கிறாள். மித்ராவை வளர்த்தவளுக்கு அதில் ஒரே ஒரு வரிதான். தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் என்று எழுதியிருந்தாள்.

அகல்யாவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆனாலும் வீட்டில் பிள்ளை இருந்தது.

செலண்டார் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அகல்யாவும் வாணியும் ஒன்றாக வளர்ந்தவர்கள். வாணி காந்தனைக் கட்டிக்கொண்டு தோட்டத்திலேயே இருந்துவிட்டாள். அகல்யா தினேஷ்வரனைக் கட்டிக்கொண்டு குருபோங் வந்தாள். டிங்கிக் காய்ச்சலில் வாணி போனபோது தேவிஸ்ரீ தத்தித் தத்தி நடக்கிற குழந்தை. காரியம் முடிந்த கையோடு காந்தன் பிள்ளையையும் ஒரு பை துணியையும் கொண்டுவந்து அகல்யாவிடம் கொடுத்தான்.

"கொஞ்ச நாளைக்குப் பாத்துக்குங்கக்கா. சிங்கப்பூர்ல வேல கெடச்சிருக்கு. போய்க் காலூன்றுனதும் வந்து கூட்டிக்கிறேன்."

முதலில் மாதம் ஒரு முறை வந்தான். பிறகு தீபாவளிக்கு மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. தேவி அகல்யாவை அம்மா என்றாள், தினேஷ்வரனை அப்பா என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. வாணி அம்மா படத்தில் இருப்பவர், காந்தன் அப்பா தூரத்தில் இருப்பவர் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒன்றையும் மறைக்கவில்லை. தூங்கும்போது அகல்யாவின் கால்மேல் காலைப் போட்டுக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். தமிழ்ப்பள்ளியில் வாசிப்புப் போட்டி என்றால் அவள்தான் முதல்.

சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பற்றவைப்பு வேலை செய்யும் தினேஷ்வரன் பல தடவை சொல்லிப் பார்த்தான்: "முறைப்படி தத்து எழுதிக்குவோம்லா. காந்தனத் தேடிப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கிருவோம்."

"வேணாங்க. நாம போய்க் கேட்டா அவனுக்குப் பிள்ள ஞாபகம் வந்துரும்" என்பாள் அகல்யா. அந்தப் பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. பிள்ளையை அவன் மறந்தே இருக்கட்டும் என்று சாமியிடம் வேண்டியிருக்கிறாள். வாணியின் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் அந்த வேண்டுதலை நினைத்துக் கூசிப்போவாள்.

தேவி நாலாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காந்தன் வந்தான். கூடவே ரூபிணி. புது மனைவி, நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முந்திய வயிறு. செலண்டாருக்கே திரும்பி வந்துவிட்டதாகவும், செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்ப் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுவதாகவும், வீடு கொடுத்திருப்பதாகவும் சொன்னான். தேவிக்கு ஒரு கவுன் வாங்கி வந்திருந்தான். அது அவளுக்குச் சின்னது.

"பிள்ளயக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேங்க்கா."

அகல்யா தேநீர்த் தட்டோடு நின்றாள். "எங்க? ஊரச் சுத்திக் காட்டவா?"

"இல்லக்கா. வீட்டுக்கு."

தட்டைக் கீழே வைத்தாளா, போட்டாளா என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. தினேஷ்வரன்தான் பேசினான். "இத்தன வருசம் உசிரோட இருக்காளா இல்லையான்னு கேக்கல. இப்ப உன் வீட்ல பிரசவம் வருது, கைக்கு ஆள் வேணும். அதானே?"

ரூபிணி தலையைக் குனிந்துகொண்டாள். காந்தனுக்குக் கண் சிவந்தது. "என்ன வேணும்னாலும் சொல்லுங்கண்ணே. வாணி மூஞ்சிய அப்படியே உரிச்சு வச்சிருக்கா இவ. பாக்க முடியாமத்தான் ஓடுனேன். தப்புதான். அதுக்காக நான் அப்பன் இல்லன்னு ஆயிருமா?"

அகல்யா அவன் காலைத் தொடக் குனிந்தாள். அவன் பதறி எழுந்தான். "என்னக்கா இது, நீங்க போய்!"

"வாணிக்கு நான் செஞ்சது போதும்னு நெனச்சா எடுத்துட்டுப் போ காந்தா. ஆனா நான் எப்படி இருப்பேன்னு ஒரு தடவ யோசிச்சுட்டு எடுத்துட்டுப் போ."

பள்ளி விடுமுறைக்கு வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

மறுநாளே வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இருவரும் மலாக்கா டவுனில் விஜயரட்ணம் என்ற வயதான வழக்கறிஞரைப் பார்க்கப் போனார்கள். யாழ்ப்பாணத்து வழி வந்தவர். பேச்சில் அந்த ராகம் இன்னும் இருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வழக்குப் போடலாம் அம்மா. ஏலாது எண்டு சொல்லமாட்டன். வளர்த்த உங்களுக்கும் நியாயம் இருக்கு. ஆனா எழுத்தில ஒண்டும் இல்லை, பெத்த தகப்பன் உயிரோட வந்து நிக்கிறார். கனகாலம் இழுபடும். கோர்ட்டில பிள்ளையையும் கேப்பினம், ஆரோட இருக்க விருப்பம் எண்டு."

"கேக்கட்டும் ஐயா!" அகல்யாவுக்கு அந்த ஒரு நாளில் முதல் தடவையாக மூச்சு வந்தது. "எங்க தேவியக் கேக்கட்டும்."

வரும் வழியெல்லாம் காரில் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். தேவியைக் கேட்டால் போதும். வேறு சாட்சி எதற்கு?

அன்று சாயங்காலம் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தேவி வந்து பக்கத்தில் நின்றாள். பாவாடை மடிப்பை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, நான் காந்தன் அப்பாகூடப் போகட்டா?"

அகல்யா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"யாரும் இல்ல. மித்ரா போனாளே."

"எந்த மித்ரா?"

"உங்க மித்ராதாம்மா. அவளும் மொதல்ல பயந்தா. அப்புறம் அப்பாவப் பாத்ததும் தானா ஓடுனா. எனக்கு நேத்து ஓடணும்னு தோணல. ஆனா போய் இருந்தா தோணும், இல்ல?"

"நீ அத எப்படிப் படிச்ச?"

"உங்க போன்லதான். நெறைய தடவ படிச்சிருக்கேன். கடைசிய மட்டும்."

"அது கதைலா, தேவி."

தேவி நிமிர்ந்து பார்த்தாள். வாணியின் கண்கள். "அப்போ பொய்யா?"

அகல்யா பொய் என்று சொல்லியிருக்கலாம். ஆமாம், எல்லாம் பொய், படிக்கிறவர்கள் அழ வேண்டும் என்பதற்காக எழுதியது, ரத்தம் ஒன்றும் யாரையும் கூப்பிடாது, நீ என் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பிள்ளை போகாமல் இருந்திருக்கும். ஆனால் ராத்திரி பகலாகத் தன் அப்பாவை நினைத்து அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

"மித்ராவ வளத்த அம்மா சிரிச்சாங்கதானே?" தேவி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "நீங்களும் அழாதீங்கம்மா."

வழக்கு வேண்டாம் என்று அகல்யாதான் சொன்னாள். தினேஷ்வரன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். விடுமுறை தொடங்கிய அன்று காந்தன் லாரிக்கார நண்பர் ஒருவரின் காரில் வந்தான். தேவி எல்லாச் சாமான்களையும் எடுத்துப் போகவில்லை. "அப்பப்ப வருவேன்லா" என்று பாதியை வைத்துவிட்டுப் போனாள். கார் திரும்பும்வரை அகல்யா சிரித்தாள். கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுச் சீனத்திப் பாட்டி வேலி வழியே ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

எழுதினால் தேறலாம் என்று நினைத்தாள். பாதியில் நின்ற தொடரில், பிள்ளையை அனுப்பிவிட்டு ஒருத்தி அந்தப் பிள்ளையின் சட்டைகளைத் துவைத்துக் காயப்போடுவதாக ஒரு அத்தியாயம் எழுதிப் போட்டாள். அழுக்கே இல்லாத சட்டைகள். வாசகிகள் கொதித்துவிட்டார்கள். "சிஸ், ஏன் இவ்ளோ சோகம்? குழந்தை பெத்தவர்கிட்ட சேந்தாச்சு, ஹேப்பியா முடிங்க ப்ளீஸ்." "வளத்தவ கொஞ்சம் ஓவரா பண்றா. அவ சொந்தப் பிள்ளையா என்ன?" இந்தக் கடைசிப் பின்னூட்டத்துக்கு எக்கச்சக்கமான இதயங்கள் விழுந்திருந்தன. அகல்யா அதன் அடியில் பதில் எழுதினாள், அழித்தாள், எழுதினாள், அழித்தாள். பிறகு அந்தத் தளத்தின் பக்கமே போகவில்லை.

முதலில் தினமும் தேவி ரூபிணியின் கைப்பேசியிலிருந்து பேசினாள். என்ன சாப்பிட்டாள், வீட்டுப் பின்னால் உடும்பு வந்தது, தம்பி பிறந்துவிட்டான். பிறகு பேச்சு குறைந்தது. "தம்பி அழறான், வைக்கிறேன்" என்பாள். அப்புறம் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளிருக்காது. வேலையில் அகல்யா பெட்டிகளைத் தப்புத் தப்பாகப் பதிந்தாள். சோறு இறங்கவில்லை. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், தனியாகக் காரை எடுத்துக்கொண்டு செலண்டாருக்கு ஓட்டினாள்.

தோட்டத்து வீட்டு வாசலில் உத்தரத்திலிருந்து ஸ்பிரிங் போட்டுச் சாரோங் துணித் தொட்டில் தொங்கியது. தேவி ஒரு கையால் அதை இழுத்து இழுத்து விட்டபடி, மறு கையில் பால் போத்தலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். முடி வெட்டியிருந்தது. காரைப் பார்த்ததும் எழுந்து ஓரடி வந்தாள். சட்டென்று வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"வாங்க பெரியம்மா."

அகல்யா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து ரூபிணி வந்தாள். முகம் வீங்கி, தலை கலைந்து, பல நாள் தூங்காத கோலம். "நான்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னேன்கா" என்றாள் நேரடியாகவே. "அம்மா அம்மான்னு தெனமும் உங்களயே சொல்லிட்டிருந்தா இந்த வீட்ல நான் யாரு?"

"பள்ளிக்குப் போறாளா?"

தேவிதான் மெதுவாகச் சொன்னாள்: "போறேன் பெரியம்மா. தம்பிக்கு உடம்பு சரியில்லன்னா மட்டும் போகல."

ரூபிணி தண்ணீர் கொண்டுவர உள்ளே போன நேரத்தில் அகல்யா தேவியின் தோளைப் பற்றிக்கொண்டு காதருகில் குனிந்தாள். "வா தேவி. இப்பவே கார்ல ஏறு. காந்தன் அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். கோர்ட்டுக்குப் போலாம், வக்கீல் ஐயா பாத்துக்குவார். வாடா கண்ணு."

பிள்ளையின் முகம் அழத் தயாராகி, பின் மெல்ல இறுகியது. தொட்டிலைப் பார்த்தாள்.

"நான் வந்துட்டா தம்பிய யாரும்மா பாத்துக்குவா? சித்தி அழுவாங்க. அவன் என் கையில இருந்தாத்தான் தூங்குறான்."

பெரியம்மா என்பதை மறந்து அம்மா என்றுவிட்டாள். அதை அவள் கவனிக்கவில்லை. அகல்யா கவனித்தாள். பிள்ளைக்கு அங்கே ஓர் இடம் உண்டாகிவிட்டது என்பதையும் அதே மூச்சில் புரிந்துகொண்டாள். மித்ராவைப் போல் ஓடிப்போய் அடைந்த இடம் இல்லை. கை வலிக்க வலிக்கத் தொட்டில் இழுத்து அடைந்த இடம். அதிலிருந்து பிடுங்கினால் பிள்ளை இரண்டாம் முறை அறுந்துபோவாள்.

ரூபிணி தண்ணீரோடு வந்தாள். அகல்யா வாங்கிக் குடித்தாள். பிறகு, கெஞ்சுகிற குரலில்தான், கேட்டாள்: "சனிக்கிழம சனிக்கிழம நான் வரட்டுமா? தம்பிய நான் பாத்துக்கிறேன். நீ தூங்கு. அவ பாடத்தப் பாக்கட்டும். என்னன்னு கூப்பிடச் சொன்னாலும் சரி."

ரூபிணி கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "வாங்கக்கா" என்றாள்.

அப்படித்தான் அகல்யா போய்வருகிறாள். வாணியின் பிள்ளை கணக்குப் போடுவதற்காக ரூபிணியின் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடக்கிறாள். தேவி பெரியம்மா என்கிறாள், சில நேரம் ஒன்றுமே சொல்லாமல் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைக்கிறாள். திரும்பும்போது பாதி வழி தாண்டும்வரை அகல்யா காரில் அழுகிறாள். தினேஷ்வரன் கூட வந்தால் அவன் ஓட்டுகிறான், அவளைத் தடுப்பதில்லை.

போன வாரம் காந்தன் லாரியை நிறுத்திவிட்டு முகம் கழுவிக்கொண்டே சொன்னான்: "அடுத்த வருசம் கம்பெனியில ஜொகூர்த் தோட்டத்துக்கு மாத்துவாங்க போலக்கா. இங்கேருந்து தூரம்தான். நல்ல வீடு தர்றாங்களாம்."

தோளில் குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது. அகல்யா அசையாமல் நின்றாள். தேவி நோட்டிலிருந்து தலையைத் தூக்கி அவளையே பார்த்தாள்.

"ஜொகூர்ல எங்க காந்தா?" என்று கேட்டாள் அகல்யா. "பஸ் வசதி இருக்கா அங்க?"