தானாக வந்ததெண்டு எழுது

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். ஜெர்சி சிட்டியில் டயாலிசிஸ் செய்யும் இடத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு பாலஸ்தீனப் பேராசிரியர். நேற்று அவரிடம் படிவம் நிரப்ப ஒரு பெண் வந்தாள். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதைக் கூட வந்த பேத்தி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"உங்கட நாடு லிஸ்டில இல்லை. பக்கத்து நாட்டைப் போடட்டோ?"

"நான் அங்க பிறக்கேல்லை!" ஊசி குத்திய கையை அசைக்காமல் அவர் கத்தினார்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது. ஐம்பத்தெட்டு இனக்கலவரத்தில், தமிழர் என்று கொழும்பில் எங்கள் வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். சரக்குக் கப்பலில் யாழ்ப்பாணம் வந்தோம். கப்பலின் எண்ணெய் மணம் சட்டையை விட்டுப் போகவேயில்லை. நிவாரணம் கேட்கப் போன ஐயாவிடம், "வீட்டை விட்டுத் தானாக வந்ததெண்டு எழுதி ஒப்பம் வையும், ஐசே" என்றார் அரசாங்கக் கந்தோர்க்காரர்.

"வையுங்கோவன், பிள்ளையள் பட்டினி" என்று அம்மா கெஞ்சினா.

ஐயா பேனையை மூடினார். "நெருப்பு வைச்சவன் வந்து வைக்கட்டும்."

அன்று பசியில் ஐயாமேல் எனக்குக் கோபம். இன்று என்மேல்தான். பிறகு போரில், ஷெல்லடியில் யாழ்ப்பாணத்து வீட்டையும் இழந்து இங்கே வந்தபோது, வந்த காரணம் "மகனோடு வாழ" என்று மகன் நிரப்பினான். வாய் திறக்காமல் ஒப்பம் வைத்தேன்.

பேத்திப் பிள்ளை, நீ தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள். நான் எழுதிய இதைச் சத்தமாக வாசி. எங்களைத் துரத்தினார்கள் என்று விளங்குகிறதா, சொல்.