சந்தைக்கு வெட்டாத குலை

என் தொழிலைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பு. மெதுவாக நடப்பதை வேகமாகக் காட்டும் படம் எடுக்கிறேன். ரைம்லாப்ஸ். கமராவை ஓரிடத்தில் நட்டுவிட்டால் அது பத்து நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் எடுத்தவற்றைச் சேர்த்து ஓட்டினால், பூ காயாவது கண்முன்னால் நடக்கும்.

"காய் பழுக்கிறதைப் பாக்கிறதுக்கும் ஒரு படிப்போ?" என்று கேட்டாள் சித்தி. அவளுக்கு என்ன தெரியும்!

அந்த வருடம்தான் மாடி உயரத் திரைக்கான படமொன்றில் முதல்தடவையாக எனக்கு வேலை கிடைத்தது. அவர்கள் கேட்டது ஒரே காட்சி: வாழைப்பூவின் பொத்தி விரிவதிலிருந்து குலை முழுதும் மஞ்சளாகும்வரை, இடையில் எதுவும் விடுபடக்கூடாது. சரிவந்தால் அடுத்த படமும் எனக்கு. பிசகினால் பழையபடி கலியாண வீடியோதான்.

நீர்வேலியில் அப்பாவின் சிநேகிதருடைய தோட்டத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தேன். குலை முற்றியதும் வெட்டிச் சந்தைக்கு அனுப்புவதுதான் வழக்கம். மரத்திலேயே பழுக்கவிட யாருக்கும் மனம் வராது. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"சந்தைக்கு வெட்டமாட்டன் பிள்ளை. சத்தியம்," என்றார் அவர்.

சொன்னபடியே மற்றக் குலைகள் எல்லாம் மருதனார்மடம் சந்தைக்குப் போயின, என்னுடையது நின்றது. இதற்கிடையில் எனக்குக் கலியாணமும் சரிவந்தது. கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம்கூட, வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். மேல் சீப்பில் ஒரு காய் மஞ்சளாகியிருந்தது. இன்னும் சில நாட்கள் போதும். துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, நல்லூர் மண்டப வாசலில் காரைவிட்டு இறங்கினேன். வாசலின் இரு பக்கமும் குலையோடு வாழை கட்டியிருந்தது. இடப்பக்கத்துக் குலையைப் பார்த்தேன். மேல் சீப்பில் ஒரு காய் மஞ்சள். மூன்றாம் சீப்பில் அணில் சுரண்டிய வடு. மாதக்கணக்கில் பார்த்த முகத்தை மறப்பேனா?

"ஐயோ! உது என்ரை மரமெல்லே!"

"தங்கச்சி, கொஞ்சம் சிரிச்சபடி நடவுங்கோ," என்றார் வீடியோக்காரர். அந்த மனிதரைக் கடித்துத் தின்னலாம்போல் இருந்தது.

அப்பா முகமெல்லாம் பூரிப்போடு முன்னால் வந்தார்.

"ஓமம்மா, அதேதான்! விடியக் காலமை நானும் இவனும் போய் வெட்டிக்கொண்டு வந்தனாங்கள். நீ பிள்ளை மாதிரிப் பாத்த மரம் நிக்கேக்கை, உன்ரை கலியாணத்துக்கு ஆரின்ரையோ மரத்தைக் கட்டுறதே?"

பக்கத்தில் நின்ற தோட்டக்காரச் சிநேகிதர் தலையை ஆட்டினார். "சந்தைக்குக் குடுக்கேல்லைப் பிள்ளை. சொன்ன சொல்லு மாறேல்லை."

சத்தம் போட்டுத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன. இந்த மனிதரை எப்படித் திட்டுவது? ஆத்திரமும் ஏமாற்றமும் ஒன்றாய்த் திரண்டு, நடுவாசலில் நின்று விக்கி விக்கி அழுதேன்.

"பெத்தவையைப் பிரியிற கவலை," என்று சித்தி யாருக்கோ விளக்கினாள்.

அப்பா சால்வை நுனியால் என் கண்ணைத் துடைத்தார். பிறகு, ஏதோ விளங்கினவர்போல் காதருகே குனிந்தார்.

"உதுக்கே அழுறாய்? பயப்பிடாதை. உன்ரை கமராவிலை ஒருத்தரையும் கை வைக்கவிடேல்லை. அது இப்பவும் அந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டுதான் நிக்குது."