ஸ்கூட்டர் சீட்டில் எடுத்த படம்

குமணன்சாவடி சிக்னலுக்குப் பக்கத்தில் உள்ள செல்போன் கடையில், என் போனிலிருந்து அழிந்த படங்கள் திரும்பி வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் என் மனைவி, வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேண்டியவை மகளின் காதுகுத்துப் படங்கள். தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்து வீறிடுவது ஒரே ஒரு தடவைதான். மச்சினன் அடுத்த வாரமே துபாய் போய்விட்டான். படம் எடுத்தவன் நான் ஒருவன்தான். எல்லோரும் கேட்டும் அனுப்பாமல் இருந்த சோம்பேறியும் நான்தான்.

நான் பயந்தது வேறொரு படத்துக்கு. என் கழுத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. வீட்டில் சொல்லாமல் ஸ்கேன் எடுத்தேன். ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். ரிப்போர்ட்டை ஸ்கூட்டர் சீட்டில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஒரு மாதம் அந்தப் படத்தைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கடைசியில் அதுவும் கண்ணில் படக் கூடாதென்று, சொந்தக்காரர்கள் குரூப்பில் அனுப்பிக் குவித்த காலை வணக்கப் படங்களோடு சேர்த்து மொத்தமாக அழித்தேன். போனின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். படம் போனால் கட்டியும் போய்விடும் என்று நினைத்த மகா புத்திசாலி நான். காதுகுத்தும் அதோடு போனது மறுநாள்தான் தெரிந்தது.

"இன்னா சார், குப்பையையும் காலி பண்ணிட்டு வந்துக்கீறீங்க?" என்றார் கடைக்காரர். "ஒரிஜினல் வராது. சின்ன சைஸ்ல எங்கனா கீதான்னு பாக்குறேன்."

"வராட்டி விட்டுடுங்க" என்றேன். மனைவி முறைத்தாள்.

திரையில் ஒவ்வொன்றாக வந்தன. ரோஜாப்பூ, பிள்ளையார், காபி டம்ளர். பிறகு அழுகிற மகள். "வந்துடுச்சுங்க" என்று மனைவி என் கையைப் பிடித்தாள்.

அடுத்து ஒரு காகிதம். மங்கலில் ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை. ஆனால் அதன் அடியில் எங்கள் ஸ்கூட்டர் சீட்டும், கிழிசலில் அவள் ஒட்டிய நீல டேப்பும் தெரிந்தன.

"இத்தத் தூக்கிடவா?" என்றார் கடைக்காரர்.

"தூக்கிடுங்க" என்றேன் அவசரமாக.

"தூக்காதீங்க" என்றாள் அவள். என் பக்கம் திரும்பினாள். "என்ன பேப்பர் இது?"

என்னையறியாமல் கை கழுத்துக்குப் போனது. அவள் அதை விலக்கிவிட்டுத் தன் விரல்களை அங்கே வைத்தாள். வைத்த விரல்களை எடுக்கவில்லை.

"சுளுக்குன்னு சொன்னீங்க" என்றாள். "தைலம் தேய்ச்சு விடுறேன்னா தொடவே விடலையே."

அப்படியே கடையை விட்டு இறங்கி, வண்டியில் அந்த நீல டேப்பின் மேலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, போட்டோ?" என்று உள்ளிருந்து கடைக்காரர் கூப்பிட்டார்.

"அப்புறம் வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். "எந்த ஆஸ்பத்திரிங்க? வண்டிய எடுங்க."